நிஜ நோயாளிக்கு முன் பொம்மை நோயாளி: டாக்டர், நர்ஸ்களுக்கு 'சிமுலேஷன்' பயிற்சி ஏன்? முழு விளக்கம்

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கக் கை நீட்டிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வெள்ளை கோட் போட்ட ஒரு இளைஞர் வருவார். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவார். முழங்கை மடிப்பில் தட்டித் தட்டிப் பார்ப்பார். முதல் குத்து, நரம்பு கிடைக்காது. இரண்டாவது குத்து, அதுவும் இல்லை. மூன்றாவதற்கு ஊசியைத் தூக்கும்போது சீனியர் நர்ஸ் ஒருவர் வந்து, "தள்ளுப்பா, நான் பாக்குறேன்" என்று ஒரே குத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த சீனியர் நர்ஸும் ஒருநாள் முதல்முறையாகக் குத்தியவர்தானே? அந்த முதல் குத்தை வாங்கியது யாருடைய கை?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அது 'பேரை' இல்லை, மூலிகை 'வேரை' என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. விளக்கம் எப்படி இருந்தாலும் கேலிதான் நிலைத்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. மருத்துவம் கற்பவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக நோயாளியின் உடம்புதான் கரும்பலகை. "ஒருமுறை பார், ஒருமுறை செய், ஒருமுறை சொல்லிக்கொடு" என்பது உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய ஃபார்முலா. இதில் நடுவில் இருக்கும் அந்த 'ஒருமுறை செய்' என்பதுதான் சிக்கலே. அதை நிஜ மனிதர்மீது செய்வதற்கு முன், பொம்மையிலோ நடிகரிடமோ கம்ப்யூட்டரிலோ பலமுறை செய்து பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் சிமுலேஷன் பயிற்சி. இந்தியாவில் இப்போது எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு இது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இது எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

சிமுலேஷன் என்றால் என்ன?

தமிழில் 'பாவனைப் பயிற்சி' என்று சொல்லலாம். ஆனால் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் எல்லோரும் சிமுலேஷன் என்றேதான் சொல்கிறார்கள். நிஜத்தில் நடக்கப்போகும் ஒன்றை, யாருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் அப்படியே நடத்திப் பார்ப்பது. அவ்வளவுதான்.

இதில் பல ரகம் உண்டு. ரப்பர் தோலுக்குள் சிவப்புத் தண்ணீர் ஓடும் கை ஒன்று இருக்கும். அதில் ஊசி குத்திப் பழகலாம். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள பொம்மை இருக்கும். அதில் நெஞ்சை அழுத்தி சிபிஆர் பழகலாம். இன்னும் மேலே போனால், கண் சிமிட்டி, மூச்சுவிட்டு, நாடி துடித்து, பக்கத்து அறையில் இருப்பவர் மைக்கில் பேசினால் "நெஞ்சு வலிக்குது டாக்டர்" என்று சொல்லும் முழு உருவ பொம்மை. மருந்து கொடுத்தால் மானிட்டரில் பிபி ஏறும். தப்பான மருந்து என்றால் இறங்கும்.

பொம்மையே இல்லாத சிமுலேஷனும் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். அமெரிக்காவில் 1963-ல் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இதை ஆரம்பித்து வைத்தார். "உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய்" என்ற செய்தியை எப்படிச் சொல்வது என்று எந்த ரப்பர் பொம்மையிலும் பழக முடியாது. அதற்கு எதிரில் அழக்கூடிய ஒரு முகம் வேண்டும்.

பூசணிக்காயில் ஆரம்பித்த கதை

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்தால் தப்பு. பழைய சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரியில் கத்தி வைத்துக் கீறிப் பழகு. தண்ணீர் நிரப்பிய தோல் பையில் குத்திப் பழகு. தாமரைத் தண்டில் நரம்பைத் துளைத்துப் பழகு. தடித்த துணியில் தையல் போடு. ஆள் உயர பொம்மையில் கட்டுப் போடு என்று சிஷ்யனுக்கு வேலை சொல்கிறது. எவ்வளவு படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியில்லாதவன் என்பது அதன் கட்சி.

சீனாவில் 1027-ல் வாங் வெய்யி என்பவர் அக்குபஞ்சர் கற்பவர்களுக்காக ஆள் உயர வெண்கலச் சிலைகளைச் செய்யவைத்தார். மேலே மெழுகு பூசி உள்ளே தண்ணீர் நிரப்பிவிடுவார்களாம். மாணவர் சரியான புள்ளியில் ஊசியை ஏற்றினால் தண்ணீர் வரும், தப்பினால் வராது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பிராக்டிகல் எக்ஸாம்!

ஆனால் நாடு தழுவிய பயிற்சித் திட்டமாக இதை நடத்திக் காட்டியவர் 18-ம் நூற்றாண்டு பிரான்ஸின் ஒரு மருத்துவச்சி. பெயர் ஆஞ்செலிக் து குத்ரே. கிராமங்களில் பிரசவத்தின்போது தாயும் குழந்தையும் இறந்துகொண்டே இருந்த காலம். 1759-ல் மன்னர் 15-ம் லூயி, ஊர் ஊராகப் போய் மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி இவருக்கு அதிகாரம் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் புத்தகம் கொடுத்து என்ன பயன்? துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். உள்ளே வைக்க ஒரு குழந்தைப் பொம்மை, நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் துணியிலேயே. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'மெஷின்' என்றே பெயர். சிலவற்றில் நிஜ இடுப்பெலும்பையே வைத்திருந்தார்கள். அந்த மெஷினோடு சுமார் 25 ஆண்டுகள் பிரான்ஸ் முழுக்கச் சுற்றி ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தை தலைகீழாக இல்லாமல் கால் முன்னே வந்தால் என்ன செய்வது, கை முன்னே வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தன் கையாலேயே செய்து பார்த்தார்கள். அந்தத் துணி பொம்மைகளில் ஒன்று இன்றும் பிரான்ஸின் ரூவன் நகர மியூசியத்தில் இருக்கிறது.

பைலட்டுகளும் பொம்மை வியாபாரியும்

நவீன சிமுலேஷனுக்கு இரண்டு தாய்வீடு. ஒன்று விமானம், இன்னொன்று பொம்மைக் கடை.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பாவுக்கு ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை இருந்தது. அந்தத் தொழிலில் இருந்த காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி ஆடி, சாய்ந்து, திரும்பும் ஒரு குட்டி விமானப் பெட்டியை 1929-ல் லிங்க் உருவாக்கினார். முதலில் யாரும் சீந்தவில்லை, பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் போனது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்றது. இருட்டிலும் பனியிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களில் பல பைலட்டுகள் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கைத் தேடி வந்து ஆறு பெட்டிகள் வாங்கியது. இன்று சிமுலேட்டரில் பாஸ் ஆகாமல் எந்த பைலட்டும் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது.

பொம்மைக் கடைக்காரர், நார்வேயின் ஸ்டாவங்கர் நகரத்து ஆஸ்முண்ட் லேர்டால். மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்கான பொம்மை செய்து விற்றவர். 1950-களின் கடைசியில், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம் என்று பீட்டர் சாஃபர் போன்ற மருத்துவர்கள் நிரூபித்திருந்தார்கள். அதை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு உருவம் வேண்டும். 1960-ல் லேர்டால் அதைச் செய்து கொடுத்தார். 'ரெசஸி ஆன்' என்று பெயர்.

அந்த முகம் வந்த கதை கொஞ்சம் சோகமானது. பாரிஸில் ஓடும் செய்ன் ஆற்றில் 19-ம் நூற்றாண்டில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண் ஒருவரின் முக அச்சு, ஐரோப்பாவில் வீட்டுச் சுவர்களில் அழகுப் பொருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உறவினர் வீட்டில் பார்த்த அந்த முகத்தைத்தான் லேர்டால் பொம்மைக்கு வைத்தார். தண்ணீரில் போன ஒரு பெண்ணின் முகத்தில் வாய் வைத்துத்தான் கோடிக்கணக்கானோர் மூச்சுக் கொடுக்கக் கற்றார்கள்.

1967-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரால் இயங்கும் 'சிம் ஒன்' பொம்மை வந்தது. அடுத்த ஆண்டே மியாமியில் இதயத் துடிப்பின் ஓசைகளைக் கேட்டுப் பழக 'ஹார்வி' வந்தது. சிம் ஒன் காலத்தை மிஞ்சிய கருவி, விலையும் மிஞ்சியது, தொடரவில்லை. ஹார்வியின் வாரிசுகள் இன்றும் கல்லூரிகளில் இருக்கின்றன.

கை தேர்ந்தவர்கள் இருந்தும் போன ஓர் உயிர்

சிமுலேஷன் என்றதும் 'ஊசி போடப் பழகுவது' என்றே பலரும் நினைக்கிறார்கள். கதை அத்தோடு முடிந்திருந்தால் இது மாணவர்கள் சமாச்சாரம் மட்டும்தான். அப்படியில்லை என்று உலகத்துக்குக் காட்டிய சம்பவம் 2005 மார்ச் 29-ம் தேதி பிரிட்டனில் நடந்தது.

எலெய்ன் பிரோமிலி, வயது 37. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். சைனஸ் பிரச்சினைக்கு ஒரு சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்குழாய்க்கான கருவியைப் பொருத்த முடியவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் விழ ஆரம்பித்தது. வேறு டாக்டர்களும் உதவிக்கு ஓடிவந்தார்கள். அறையில் இருந்த மூத்த டாக்டர்கள் எல்லோரும் அனுபவசாலிகள். எல்லோரும் வாய் வழியாக டியூபை இறக்குவதிலேயே குறியாக இருந்தார்கள். முடியவில்லை. மறுபடி முயன்றார்கள். நிமிடங்கள் ஓடின.

டியூபும் இறங்கவில்லை, மாஸ்க் வழியாகக் காற்றும் போகவில்லை என்ற நிலை வந்தால், கழுத்தின் முன்பக்கம் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்யவேண்டும் என்பது அந்த டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதற்கான கருவியை ஒரு நர்ஸ் எடுத்துக்கொண்டு வந்தே விட்டார். வந்திருப்பதாகச் சொல்லவும் செய்தார். யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு நர்ஸ் ஐசியுவில் படுக்கை கேட்டு போன் செய்தார். 'ஏன் இந்தப் பதற்றம்' என்பதுபோல் பார்த்ததும் அதையும் ரத்து செய்துவிட்டார். சுற்றி நின்ற நர்ஸ்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு பைலட். விமான விபத்து நடந்தால் 'யார் குற்றவாளி' என்பதற்கு முன் 'ஏன் நடந்தது' என்று விசாரிப்பார்கள், ஆஸ்பத்திரியில் ஏன் அப்படி இல்லை என்று கேட்டார். விசாரணை நடந்தது. யாரையும் தண்டிப்பதில் அவர் நேரத்தைச் செலவழிக்கவில்லை. 2007-ல் மருத்துவத்தில் மனிதத் தவறுகளை ஆராயும் ஒரு அமைப்பைத் தொடங்கினார். எலெய்னின் கதையை அவரே சொல்லும் வீடியோ இன்று பல நாடுகளில் மயக்கவியல் மாணவர்களுக்குப் பாடம்.

அந்த அறையில் திறமைக்குப் பஞ்சமில்லை. நெருக்கடியில் ஒருவர் தலைமை ஏற்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, கீழே இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்குவது, இவைதான் இல்லாமல் போயின. விமானத்துறை இதை அதற்கு முன்பே கண்டுபிடித்துத் தனிப் பயிற்சியாக்கியிருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா என்ற மயக்கவியல் நிபுணர், 1980-களின் பிற்பகுதியிலிருந்து பொம்மை நோயாளியை நிஜ ஆபரேஷன் தியேட்டர் போன்ற அறையில் படுக்கவைத்து, குழுவாக நெருக்கடியைச் சமாளிக்கும் பயிற்சியை உருவாக்கினார். 1999-ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. சிமுலேஷன் பயிற்சியைக் கொண்டுவரச் சொல்லியும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. பொம்மைகளுக்கு மவுசு கூடியது அதன் பிறகுதான்.

பயிற்சி அறைக்குள் என்ன நடக்கும்?

பிரசவம் முடிந்த தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரசவ மரணங்களுக்கு உலக அளவிலேயே முக்கியக் காரணம் இதுதான்.

முதலில் பயிற்சியாளர் விதிகளைச் சொல்லிவிடுவார். இங்கே நடப்பது வெளியே போகாது, இது பரீட்சை கிடையாது, பொம்மையை நிஜ ஆளாக நினைத்துச் செய்யுங்கள். பிறகு கதை தொடங்கும். படுக்கையில் பொம்மையோ, வயிற்றில் கருவி கட்டிய ஒரு பயிற்சியாளரோ இருப்பார். சிவப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பிக்கும். "தலை சுத்துது சிஸ்டர்" என்று குரல் வரும். மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறும்.

இங்கே கவனிக்கப்படுவது சின்னச் சின்ன விஷயங்கள். "யாராவது ஆக்ஸிடோசின் போடுங்க" என்று டாக்டர் கத்தினால், நான்கு பேர் நிற்கும் அறையில் யாரும் போடமாட்டார்கள். 'அவர் போடுவார்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் இப்படிச் சொல்லப் பழக்குகிறார்கள்: "சிஸ்டர், நீங்க ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில போடுங்க." அவர் திருப்பிச் சொல்லவேண்டும்: "ஆக்ஸிடோசின் 10 யூனிட், தசையில." போட்டு முடித்ததும் மறுபடி: "போட்டாச்சு டாக்டர், மணி 10.42." கேட்கக் கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும். நிஜத்தில் ஒரு மருந்து இரண்டு தடவை போகாமலும், ஒரு தடவைகூடப் போகாமல் விடுபடாமலும் காப்பாற்றுவது இதுதான்.

பத்து நிமிடக் காட்சி முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். அசல் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பேச்சு, காட்சியைவிட நீளமாகவே போகும். "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். "அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பல தடவை வரும் பதில் ஒன்று: "எனக்குத் தெரிஞ்சுது சார், ஆனா சீஃப் இருக்கும்போது எப்படிச் சொல்றது?"

நம் ஆஸ்பத்திரிகளில் இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிக எடை. சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் நடக்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கே தெரியும், அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பயிற்சி நர்ஸ் "சார், மருந்து மாறியிருக்கு" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று. இந்தப் பயிற்சியை டாக்டருக்குத் தனியாகவும் நர்ஸுக்குத் தனியாகவும் நடத்தினால் பாதிப் பயன் அங்கேயே போய்விடும்.

இதெல்லாம் நிஜமாகவே பலன் தருகிறதா?

தந்திருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டலில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையின் கணக்கைப் பார்ப்போம். பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வதுண்டு. சில நிமிடங்களில் எடுக்கவேண்டும். பதறி இழுத்தால் குழந்தையின் கை நரம்புகள் சேதமாகும். அங்கே எல்லா ஊழியர்களுக்கும் பொம்மையில் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் தோள் சிக்கிய பிரசவங்களில் 9.3 சதவீதக் குழந்தைகளுக்குக் காயம் ஏற்பட்டது. பயிற்சிக்குப் பிறகு அது 2.3 சதவீதமானது. 2008-ல் வெளியான ஆய்வு இது.

சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக டாக்டர்கள், ஐசியு நோயாளிகளின் பெரிய ரத்தக்குழாயில் டியூப் செருகுவதை முதலில் பொம்மையில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கிய பிறகே நோயாளிக்குச் செய்யலாம் என்று வைத்தார்கள். டியூப் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவது, ஆயிரம் டியூப்-நாட்களுக்கு 3.2 என்பதிலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் 2002 ஆய்வில், மெய்நிகர் கருவியில் பழகிய இளம் சர்ஜன்கள் பித்தப்பை ஆபரேஷனில் 29 சதவீதம் வேகமாக வேலை செய்தார்கள், தவறுகளும் குறைவு. அமெரிக்காவில் நர்ஸிங் மாணவர்களை வைத்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வார்டு பயிற்சி நேரத்தில் பாதிவரை நல்ல சிமுலேஷனால் ஈடுசெய்தாலும் தேர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்றது.

இவையெல்லாம் பணக்கார நாட்டுக் கணக்குகள். நமக்கு அதிகம் உதவும் பாடம் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் இருக்கிறது.

பிறந்ததும் அழாத, மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பை-மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதைக் கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் சொல்லிக்கொடுக்க 2010-ல் 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற திட்டம் வந்தது. தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் எடை வரும் மலிவான பொம்மைதான் கருவி. தான்சானியாவின் 8 மருத்துவமனைகளில் இதைக் கொண்டுவந்த பிறகு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் நடக்கும் இறப்பு 47 சதவீதம் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது.

அதே நாட்டில் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனையில் நடந்ததுதான் சுவாரசியம். ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையில் எல்லோரும் பிரமாதமாகச் செய்தார்கள். பிரசவ அறையில் போய்ப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், எந்த மாற்றமும் இல்லை. ஆகவே முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்தார்கள். வாரம் ஒருமுறை 3 முதல் 5 நிமிடம் மட்டும் பயிற்சி, மாதம் ஒருமுறை 40 நிமிடம். ஆயிரம் பிறப்புக்கு 11.1 ஆக இருந்த 24 மணி நேர இறப்பு 7.2 ஆக இறங்கியது. அதே பொம்மை, அதே ஊழியர்கள், அதே கட்டடம். சான்றிதழோடு முடியும் ஒருநாள் கேம்பையும் வாராவாரப் பழக்கத்தையும் பிரிக்கும் கோடு இந்த எண்களில் இருக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை?

2019-ல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் 'ஸ்கில்ஸ் லேப்' இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஊசி போடுவது, தையல் போடுவது, சிபிஆர், பிரசவம் பார்ப்பது போன்றவற்றை அங்கே பழகவேண்டும். சிலவற்றுக்கு 'இவர் தனியாகச் செய்யத் தகுதியானவர்' என்று பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கவேண்டும். இது தமிழ்நாட்டு அரசு, தனியார் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2021-ல் மாற்றியமைக்கப்பட்ட பிஎஸ்சி நர்ஸிங் பாடத்திட்டத்திலும் சிமுலேஷன் சேர்ந்துவிட்டது. நர்ஸிங் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஹரியானாவின் குருகிராமில் தேசிய மையம் ஒன்று இயங்குகிறது.

அவசர சிகிச்சைப் பயிற்சிக்கு நீண்ட காலம் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தையும் அதன் கட்டணத்தையும் நம்பியிருந்தோம். 2022 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 'தேசிய அவசர உயிர்காப்பு' என்ற உள்நாட்டுப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு.

சரி, லேப் இருக்கிறது. பூட்டு திறந்திருக்கிறதா? இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் துடைத்து வைக்கப்படும் பொம்மை யாரையும் காப்பாற்றாது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியை 'கெட்டுப்போனா யார் பதில் சொல்றது' என்று கண்ணாடி அலமாரியில் வைப்பது நம் அரசு அலுவலகங்களுக்குப் புதிதா என்ன? பொம்மையைவிடப் பெரிய பற்றாக்குறை, அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியரும் அவருக்கு அதற்கென்று ஒதுக்கப்பட்ட நேரமும். வார்டு, ஓபி, நைட் டூட்டி எல்லாம் முடித்த டாக்டரிடம் 'அப்படியே ஸ்கில்ஸ் லேபையும் பாத்துக்கங்க' என்றால் நடக்கிற காரியமா?

பணம் இல்லை என்பது மட்டும் சாக்காக இருக்க முடியாது. பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'அமானத்' என்ற திட்டத்தில், வழிகாட்டி நர்ஸ்கள் நேரில் போய் அங்கேயே, அந்தப் பிரசவ அறையிலேயே, அங்கிருக்கும் ஊழியர்களை வைத்தே சிமுலேஷன் நடத்தினார்கள். கருவி என்ன தெரியுமா? ஆபரேஷன் தியேட்டர் பேன்டில் திறப்பு வைத்துத் தைத்த ஓர் உடை. ஒருவர் அதை அணிந்து கர்ப்பிணியாக நடிப்பார். வலியில் கத்துவார், கையைப் பிடித்துக்கொள்வார், கேள்வி கேட்பார். லேர்டால் நிறுவனத்தின் 'மாமா நத்தாலி'யும் இதே பாணிதான், பயிற்சியாளர் வயிற்றில் கட்டிக்கொள்ளும் பொம்மை. பெயரில் 'மாமா' இருந்தாலும் அது அம்மாதான். து குத்ரே அம்மையாரின் துணி மெஷினிலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.

பொம்மையால் முடியாதது

பொம்மைக்கு வியர்க்காது. பெரும்பாலான பொம்மைகளுக்குக் கை கால் சில்லிடாது. வெகுகாலம் வெள்ளைத் தோல் பொம்மைகளே சந்தையில் இருந்தன. ஆக்ஸிஜன் குறைந்து உதடு நீலமாவதை வெள்ளை முகத்தில் மட்டும் பார்த்துப் பழகியவர், கறுத்த முகத்தில் அதைத் தவறவிடலாம் என்ற விமர்சனம் உண்டு. நம் ஊர் நோயாளிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இப்போது பல நிறங்களில் வருகின்றன.

இன்னொரு விவாதம்: பயிற்சியில் பொம்மை 'இறக்கலாமா'? தவறு செய்தால் இறந்துபோகட்டும், அப்போதுதான் மனதில் நிற்கும் என்கிறார்கள் சிலர். முதலாண்டு மாணவரை அது உடைத்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். முன்பே சொல்லிவிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசினால் சமாளிக்கலாம் என்பது நடுவழி.

நம் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் சேர்க்கவேண்டிய காட்சி ஒன்றும் இருக்கிறது. ஐசியு கதவுக்கு வெளியே நிற்கும் பதினைந்து சொந்தக்காரர்கள். "என்ன ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்று அவர்கள் கேட்கும்போது வெளியே வந்து பேசுவது பெரும்பாலும் இருப்பதிலேயே இளைய டாக்டர்தான். உள்ளே உயிரைக் காப்பாற்றப் பழகியவருக்கு, வெளியே அந்த வார்த்தைகளைச் சொல்லப் பழக்கமில்லை. இதற்குப் பொம்மை தேவையில்லை. நடிக்கத் தெரிந்த நான்கு பேர் போதும்.

பொதுமக்கள் பழகலாமா?

தாராளமாக. லேர்டாலின் பொம்மை முதலில் செய்யப்பட்டதே மக்களுக்காகத்தான். மாரடைப்பில் இதயம் நின்றுபோனவர் பெரும்பாலும் வீட்டிலோ தெருவிலோதான் விழுகிறார், ஐசியுவில் இல்லை. கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேல் கையால் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்தவேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடவேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது.

படிக்கும்போது சுலபமாகத் தெரியும். 5 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு பலமான அழுத்தம் என்று கைக்குத் தெரியாது. பழகாதவர்கள் பெரும்பாலும் 'வலிக்குமோ, எலும்பு உடையுமோ' என்று பயந்து மெதுவாகவே அழுத்துவார்கள். பல பயிற்சி பொம்மைகளில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு: போதிய ஆழம் போனால் மட்டும் உள்ளே 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் சிபிஆர் முகாம்களில் அந்தப் பொம்மை இருக்கும். இரண்டு நிமிடம் அழுத்தினாலே தோள் எவ்வளவு வலிக்கும், ஏன் ஆள் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறார்கள் என்பது அங்கே புரிந்துவிடும்.